சுத்தமான காற்றுக்குக் குடிபுகுந்த நாள்

மகளுக்குத் தொய்வு, அதாவது ஆஸ்துமா, என்று மருத்துவர் சொன்னதும் நான் செய்த முதல் வேலை வாசித்தது. எந்தப் பிரச்சினையையும் வாசித்து முடித்தால் அது தீர்ந்துவிட்டதாக நம்புகிறவன் நான். தூசி, பூஞ்சணம், பூனை மயிர், வாசனைத் திரவியம், குளிர்காற்று, புகை என்று அவளுடைய மூச்சின் எதிரிகளை எல்லாம் தெரிந்துகொண்டு மனைவிக்கு விளக்கப் போனேன். அவள் அதற்குள் கம்பளத்தைச் சுருட்டி வெளியே போட்டுவிட்டு, படுக்கை விரிப்புகளைக் கொதிநீரில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது நாங்கள் இருந்தது மொன்ட்ரியால் நகரின் மொன்ட்ரியால்-நோர் பகுதியில். குளியலறைச் சுவரில் பூஞ்சணம் எங்களைவிட வசதியாக வாழ்ந்தது. கீழ்வீட்டுக்காரரின் சிகரெட் புகை அழைக்காமலே மேலே வந்து எங்களோடு தொலைக்காட்சி பார்த்தது. பிள்ளையின் மூச்சுக்காகவே நகரின் ஓரத்துத் தீவான இல்-பிசாரில் வீடு வாங்கினோம். எப்போதாவது ஒரு பஸ், நிறைய மரம், நல்ல காற்று.

அந்த நல்ல காற்றுக்குள் குடிபுகுவதற்கு நான் ஏற்பாடு செய்தது, ஐயரைக் கூப்பிட்டுத் தீ வளர்க்கும் ஓமம். மாசி மாதம், கனடாக் குளிரில், எல்லா ஜன்னல்களும் இறுக மூடியிருக்கும் வரவேற்பறையில்.

முன்னேற்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை. நம்மவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல, நாற்காலியில் ஏறிக் கூரையிலிருந்த புகை எச்சரிக்கை மணிக்கு ஒரு பொலித்தீன் பையை மாட்டி ரப்பர் பட்டி போட்டேன். அந்தக் கருவியின் மூக்குக்கு இவ்வளவு அக்கறை காட்டிய எனக்கு, வீட்டிலிருந்த இன்னொரு மூக்கு ஞாபகத்துக்கு வரவில்லை.

விருந்தினர் ஒருவருக்கும் மகளின் தொய்வு வருத்தம் தெரியாது. பெண்பிள்ளை, சனம் கதைக்கும் என்று நாங்கள் இருவரும் மறைத்தோம். அன்றைக்கு அவள் மருந்தை மூச்சோடு இழுக்கும் பம்பை மனைவி சமையலறையில் பிரஷர் குக்கருக்குள் ஒளித்துவைத்திருந்தாள்.

ஐயர் பனிச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். நெய் விழுந்தது, புகை எழுந்தது. என் பக்கத்தில் பட்டுப்பாவாடையோடு இருந்த ஏழு வயது மகள் இருமினாள். நான் முறைத்தேன்.

“அப்பா, நெஞ்சு இறுக்குது.”

“கொஞ்சம் பொறுங்கோ குஞ்சு, முடியப் போகுது.”

ஓமம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

“சா வா பா, அப்பா!”

முடியவில்லை என்று பிரெஞ்சில் சொல்கிறாள். தமிழில் சொன்னால் நான் ‘பொறுங்கோ’ என்பேன் என்று தெரிந்த பிள்ளை, ஆபத்துக்கு மட்டும் அந்தப் பாஷையை எடுப்பாள். திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழி உள்ளே இழுபட்டது. வாசித்ததெல்லாம் என் தலையிலிருந்து ஒரே நேரத்தில் வெளியேறிவிட்டது. தர்ப்பை மோதிரத்தோடு அவளைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன்.

“அண்ணை, இடையில எழும்பக் கூடாது!” என்றார் ஐயர்.

“பிள்ளைக்குத் தொய்வு, மூச்சு முட்டுது, ஐயா!”

இரண்டு வருட ரகசியம் இப்படிச் சபையில் உடைந்தது. மனைவி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குக்கரை நோக்கி ஓடினாள்.

உள்ளே புகை, வெளியே குளிர்காற்று, இரண்டும் எதிரிகள். சால்வையால் அவள் மூக்கையும் வாயையும் மூடிக் காருக்குள் கொண்டுபோய் ஹீட்டரைப் போட்டேன். கண்ணாடியில் தொங்கிய வாசனை அட்டையைப் பிடுங்கிப் பனிக்குள் எறிந்தேன். மனைவி வந்து நீலப் பம்பைக் குலுக்கி, முகமூடி வைத்த குழாயில் பொருத்தி அமுக்கினாள்.

“மெதுவா இழுங்கோம்மா. இன்னொருக்கா. கெட்டிக்காரி.”

பிறகு திரும்பாமலே என்னிடம், “ஒறேஞ்ச் பம்ப் நாளாந்தம் குடுத்தனீங்களோ?” என்றாள்.

“நல்லாத்தானே இருந்தவள், அதான் விட்டனான்...”

“நல்லா இருக்கிறதுக்குத்தானேயப்பா அதைக் குடுக்கிறது!”

என் புத்தகங்களிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. குறையாவிட்டால் நேரே ஆஸ்பத்திரி என்று கார் எஞ்சினை ஓடவிட்டபடி மகளின் தொண்டைக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள்கள் இறங்கின. இழுப்பு அடங்கியது. “பசிக்குது” என்றாள். அதைவிட நல்ல செய்தியை நான் அந்த வருடம் கேட்கவில்லை.

யாரோ கார்க் கண்ணாடியில் தட்டினார்கள். வேட்டிக்கு மேல் பனிக்கோட்டோடு ஐயர்.

“எப்பிடி அண்ணை பிள்ளை?”

“பரவாயில்லை, ஐயா. ஓமத்தைக் குழப்பிப்போட்டன்.”

“முதலே சொல்லியிருந்தா விளக்கேத்திப் பாலைக் காய்ச்சி முடிச்சிருப்பன். ஆர் உங்களிட்ட ஓமம் கேட்டது? கடவுளும் கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை. நீங்கள்தான் போனில பெரிசா வேணும் எண்டனீங்கள்.”

தீயை அணைத்தாயிற்று, ஜன்னல்களைத் திறந்தாயிற்று என்றும் சொன்னார். புகை போகட்டும் என்று காருக்குள்ளேயே இருந்துவிட்டு உள்ளே போனோம். விருந்தினர் எல்லாரும் பட்டுச்சேலைக்கு மேல் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து நடுங்கிக்கொண்டு வடை சாப்பிட்டார்கள். சனம் கதைத்ததுதான். ஆனால் கதைத்தது, “எங்கட பெடியனுக்கும் இருக்கு, பூனை ஆகாது,” “எங்கட சின்னவள் பம்ப் இல்லாமல் பள்ளிக்கூடம் போகமாட்டாள்” என்று.

ஜன்னல்களிலிருந்து தள்ளி, சமையலறை ஹீட்டர் பக்கம், மகளைப் போர்த்து இருத்தினோம். ஒரு பெரியவர் குளிரில் பல் அடிக்கக் கேட்டார்:

“பிள்ளை, இனி ஜன்னலைச் சாத்தலாமோ?”

அவள் ஆழமாக ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தாள். இருமல் வரவில்லை. “இன்னும் கொஞ்சம் பொறுங்கோ,” என்றாள்.

ஒருவரும் ஜன்னலைத் தொடவில்லை. அவள் கேசரியை ஆற அமரச் சாப்பிட்டு முடித்து, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கி, அதையும் முடித்த பிறகுதான் “ஓம், சாத்துங்கோ” என்றாள்.