ரூடியின்ர கடையில நான் குடுத்த பேர்

ரூடி மோசம் போயிட்டார். நேத்து அடக்கம்.

உங்களில ஒருத்தருக்கும் அவரைத் தெரியாது. ஃப்ரிபூர்க் பக்கம் வேட்டைச் சாமான் கடை வச்சிருந்த சுவிஸ் மனுசன்... துவக்கு, பைனாகுலர், இருட்டில பாக்கிற கருவியள். எனக்கும் அந்தக் கடைக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேப்பியள்.

நான் கோழிப்பண்ணையில வேலை எண்டு தெரியும்தானே. ஏழு வருஷத்துக்கு முந்தி ஒரு நரி விடாமல் வந்து கோழி தூக்கினது. முதலாளி வால்ற்றருக்கு வேட்டை லைசன்ஸ் இருக்கு, பனிக்காலத்தில நரிக்குக் காவல் இருப்பார். ஆனா ஆளுக்குக் கண் மங்கல்.

"அன்ரன், உனக்குத்தான் நல்ல கண். ரூடியிட்டைப் போய் இருட்டில பாக்க ஒண்டு தெரிஞ்செடுத்துக் கொண்டு வா" எண்டார்.

எனக்குப் போக விருப்பமில்லை. அந்த நேரம்தான் எங்கட குடியுரிமை விண்ணப்பம் கெமைண்ட எண்டுற ஊர்ச்சபைக் கந்தோரில கிடந்தது. நான், மனுசி, ரெண்டு பிள்ளையள்... நாலு பேற்ற சீவியமும் அந்தப் பேப்பரில.

மன்னாரில சண்டைக் காலத்தில ஆமியிட்டைப் பைனாகுலரோட பிடிபட்டவன் வீடு திரும்பினதை நான் காணேல்லை. இஞ்ச ஒரு தமிழன் போய் நைட் விஷன் கேட்டால் எங்கயாவது எழுதாமலோ விடுவாங்கள்?

கடைக்குள்ள கால் வைக்கேக்கயே மனுசன் என்னை ஏற இறங்கப் பாத்தார். வால்ற்றர் அனுப்பினது எண்டன். "கீழ வாங்கோ" எண்டார்.

கீழ பங்கர், குண்டு விழுந்தால் ஒளிக்கக் கட்டின அறை. இஞ்சத்தைப் பழைய கட்டடங்களுக்குக் கீழ இருக்குமே, அந்தத் தடிச்ச கொங்கிறீற் கதவு. அதை இழுத்துச் சாத்திப்போட்டு லைட்டை நிப்பாட்டினார். உண்மையாச் சொல்லுறன், இந்தாள் என்னை உள்ளுக்க விட்டுட்டுப் பொலிசுக்கு போன் எடுக்கப்போகுது எண்டுதான் நினைச்சன்.

கையில ஒரு தேர்மல் கருவியைத் தந்தார். சூட்டைப் பாக்கிறது. மூலையில ரெண்டு வெள்ளைக் கட்டி தெரிஞ்சுது.

"எது என்ர நாய்?"

"இடப்பக்கம்" எண்டன்.

லைட்டைப் போட்டால்... இடப்பக்கம் சுடுதண்ணிப் பை. நாய் வலப்பக்கம் படுத்திருந்து என்னையே பாக்குது.

"பண்ணையில எண்டால் இப்ப பக்கத்து வீட்டுப் பூனை செத்திருக்கும்" எண்டார். சிரிக்கவும் இல்லை.

பிறகு மற்றதைத் தந்தார், நைட் விஷன். அதில நாயின்ர காது, மூஞ்சை, கண்ணில மினுக்கம் எல்லாம் துப்பரவாத் தெரிஞ்சுது. "சூடு எங்க நிக்குதெண்டு முதல் கருவி சொல்லும். நிக்கிறது ஆர் எண்டு இதுதான் சொல்லும். ரெண்டும் சேந்தது எடுங்கோ. துவக்கில பூட்டுறதுக்குக் மாகாணத்துக்கு மாகாணம் சட்டம் வேற, கையில பிடிக்கிறது காணும்."

நான் தட்டில இருந்த பெரிய சூம் உள்ளதைக் காட்டினன். "வேண்டாம். அவ்வளவு கிட்ட இழுத்தால் ஓடுற நரியைப் பிடிக்கேலாது" எண்டார்.

அதிலயும் எனக்குச் சந்தேகம்தான். கறுப்பனுக்குக் கிடப்புச் சாமானைத் தள்ளுறார் எண்டு மனசுக்க திட்டினன்.

"ரெண்டு நாள் கொண்டுபோய்ப் பாவிச்சுப் பாருங்கோ" எண்டு கொப்பியை விரிச்சார். பேர்?

"சிவா."

தானா வாயில வந்துது. பள்ளிக்கூடத்தில எனக்குப் பக்கத்தில இருந்தவன்ர பேர். போன் நம்பரிலயும் கடைசி இலக்கத்தை மாத்திக் குடுத்தன். ஐடியும் கேக்காமல் அவ்வளவு பெறுமதியான சாமானைத் தந்து விட்டார்... நான் என்ன நினைச்சனான் தெரியுமோ? இதில ஏதோ பொறி இருக்கெண்டு.

ஒரு பொறியும் இல்லை. கருவி திறம். நரியும் அந்தப் பனியிலயே முடிஞ்சுது. வால்ற்றர் அதையே வாங்கினார்.

பிறகு பாஸ்போர்ட்டும் வந்துது. ஆனா ரூடிக்கு நான் சிவாதான். பற்றரி வாங்க, கண்ணாடி துடைப்பிக்க எண்டு போற நேரமெல்லாம் "சலூ சிவா" எண்டு கோப்பி ஊத்துவார். இண்டைக்குச் சொல்லுவம் எண்டு போவன்... வெக்கத்தில நாக்கு எழும்பாது. நத்தார் வாழ்த்து மட்டையிலயும் சிவா எண்டு கையெழுத்து வைச்ச ஆள் நான்.

ஒருக்கா சூப்பர் மார்க்கெட்டில ரூடி எனக்கு முன்னால நிக்கிறார், என்ர மனுசி அந்தத் தொங்கலில இருந்து "அன்ரன், பால் எடுத்தனீங்களோ?" எண்டு கத்துறா. நான் பாஸ்டா அடுக்கின தட்டுக்குப் பின்னால ஒளிச்சன். அவர் திரும்பி சீஸ் பக்கம் போயிட்டார். கேக்கேல்லைப் போல எண்டு கும்பிட்டன்.

போன கிழமை பற்றரிக்குப் போனால் கடைக்கதவில மரண அறிவித்தல்.

நேத்துச் சேர்ச் வாசலில அவற்ற மனுசியின்ர கையைப் பிடிச்சு நான் வாய் திறக்க முந்தியே அவ சொன்னா, "மிஸ்ரர் அன்ரன், வந்தது சந்தோசம்."

பின்னால நிண்ட வால்ற்றரிட்டை, ரூடிக்கு என்ர பேர் சொன்னனீங்களோ எண்டு கேட்டன். "பில் கட்டேக்கயே சொன்னனான், என்ர அன்ரன் தெரிஞ்செடுத்தது நல்ல கருவியெண்டு. ஏன்?"

ஏழு வருஷம்... தெரிஞ்சுகொண்டுதான் கோப்பி ஊத்தியிருக்கிறார்.

ஏன் ஒருக்காலும் கேக்கேல்லை ரூடி? என்னைக் கள்ளன் எண்டு நினைச்சியளோ, பயந்தவன் எண்டு நினைச்சியளோ? ராத்திரி முழுக்க யோசிச்சன், பிடிபடேல்லை.

நேத்து அவற்ற சவப்பெட்டிக்குக் கிட்டப் போய்த் தமிழிலதான் சொன்னன். நான் அன்ரன். மன்னார். அண்டைக்குப் பொய் சொல்லிப்போட்டன், மன்னிச்சுக் கொள்ளுங்கோ.

போயிட்டு வாங்கோ ரூடி.