சிறுகோள் தூசியும் வசம்பு வாடையும்

உயிர் வானத்திலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் எனக்கு எரிச்சல் வரும். வந்திருந்தால் வந்தது உயிருக்கு வேண்டிய சாமான்கள். அரிசி வந்து இறங்கியதும் சோறு பொங்கியாச்சு என்று சொல்வோமா? ஒரு சிறுகோளில் அள்ளிய தூசியைப் பெட்டியில் அடைத்து பூமிக்குக் கொண்டுவந்தார்கள். அதில் அமினோ அமிலங்கள் இருந்தன. நம் உடம்பின் புரதமெல்லாம் அவற்றைக் கோத்துத்தான் ஆகிறது. இவ்வளவுதான் செய்தி.

இதை நான் போனில் படித்தது போடியில், ஏலக்காய் குடோனில், சாப்பாட்டு நேரத்தில். அங்கே காய் பொறுக்குவதுதான் என் சோலி. படித்ததைச் சத்தமாகச் சொன்னேன்.

"கல்லுதான் தானா விழுகுதே. எதுக்குக்கா அம்புட்டுத் தூரம் போயி அள்ளணும்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். சிலமலைக்காரி, கைக்குழந்தைக்காரி.

"விழுந்த கல்லுல நம்ம மண்ணு, நம்ம கை அழுக்கெல்லாம் ஒட்டிக்கிரும். அப்புறம் எது அங்கருந்து வந்தது, எது இங்க ஒட்டுனதுன்னு எப்பிடிச் சொல்றது?"

"நம்ம ஏலக்கா மாதிரின்னு சொல்லுங்க."

சரியாகத்தான் சொன்னாள். ஏலக்காய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். வாடை என்பதே காற்றில் வரும் மூலக்கூறுகள்தானே. அதனால் குடோனுக்குள் மல்லிகைப்பூ கூடாது, தைலம் கூடாது, கருவாட்டுச் சோறு கூடாது.

அவள் மாமியார் தினமும் மத்தியானம் பிள்ளையை குடோன் கேட்டுக்குத் தூக்கி வருவார். அன்றும் அவள் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிள்ளையின் கையில் வசம்பு வளையல். எங்கள் பக்கம் வசம்பு கட்டாத பிள்ளையே கிடையாது. சூப்பர்வைசர் ஒரு பிடி காயோடு வந்தார். மருந்து வாடை அடிக்கிறது என்று வியாபாரி திருப்பிவிட்ட காய். அவள் கையை முகர்ந்தார்.

"வசம்பு! நாளையிலருந்து வராத."

அவள் எழுந்து போனாள். புருஷன் போடிமெட்டு ரோட்டில் ஜீப்பிலிருந்து விழுந்து கால் ஒடிந்து கிடக்கிறான். அவள் கூலியில்தான் வீட்டில் உலை வைக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தில் காய் பொறுக்கும் தட்டைத் தள்ளிவிட்டேன்.

"இதே லோடுல பிரிக்காத மூட்ட ஒண்ணு கொண்டாங்கண்ணே. அவ கை படாதது."

"ராக்கெட்டு விட்டது போதாதுன்னு குடோன்லயும் ஆராய்ச்சியா, ஆத்தா?"

"ஆமா. வெரசாப் பிரிங்க."

பொறுக்குகிற பெண்கள் சிரித்தார்கள். வீம்புக்குத்தான் அவர் மூட்டையைப் பிரித்தார். உள்ளே பிளாஸ்டிக் பையின் வாயை அவிழ்த்ததுமே குப்பென்று அடித்தது. கையை ஆழமாக விட்டுத் துழாவினார். வெளியே வந்தது இரண்டு வசம்புத் துண்டு.

மேலே எஸ்டேட்டில் யாரோ, பூச்சி விழக்கூடாது என்று, வீட்டில் அரிசிக்குப் போடுவதுபோல மூட்டையில் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் வீட்டுப் பருப்பு டப்பாவிலும் ஒரு துண்டு கிடக்கிறது. அவள் கையில் வசம்பு வாடை இருந்ததும் பொய்யில்லை. ஆனால் காய்க்கு அந்த வாடை அவளிடமிருந்து வரவில்லை. பிரிக்காத மூட்டையைப் பார்க்காமல் அதை யாரும் சொல்லியிருக்க முடியாது.

சூப்பர்வைசர் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, கையக் கழுவிட்டு நாளைக்கு வரச் சொல்லு."

"நாளைக்கு எதுக்கு? இப்பவே வரட்டும். போகச் சொன்னது நீங்க, நீங்களே போயிக் கூப்பிடுங்க."

முறைத்தார். ஆனால் போனார். நானும் பின்னாலேயே போனேன். கேட்டுக்கு வெளியே, பஸ்சுக்குக் காத்திருந்த மாமியார் பக்கத்தில், முந்தானையை இழுத்து மூடி உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. சூப்பர்வைசர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உள்ள வாத்தா. உன் மேல தப்பில்ல."

"பிள்ள திரும்பப் பாலுக்கு அழுதுச்சுண்ணே. குடிச்சு முடிக்கட்டும், வர்றேன்."

நின்றார். உள்ளே வேலை கிடந்தது. இருந்தாலும் ரோட்டைப் பார்த்தபடி அங்கேயே நின்றார்.