தீபத்தன்று வந்த தீர்ப்பு

எங்கள் தொகுதியின் முன்னாள் எம்.எல்.ஏ.வுக்கு நான் ஓட்டுப் போட்டதே இல்லை. எங்கள் தெருவுக்குக் கழிவுநீர்க் கால்வாய் கட்டித் தருவதாக ஒவ்வொரு தேர்தலிலும் கும்பிட்டுச் சொன்னவர். இன்றும் மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்கிறோம். ஆனால் இணையக் கலைக்களஞ்சியத்தில் அவரைப் பற்றிய கட்டுரையைப் பல ஆண்டுகளாகக் காவல் காத்து வருபவள் நான்தான்.

காவல் என்றால் அவருடைய ஆட்களிடமிருந்து காவல். செங்கம் சாலையில் எங்களுக்கு ஒரு சின்ன விடுதி இருக்கிறது. ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் காலையில் அறையைப் பூட்டிக்கொண்டு போனால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் திரும்புவார்கள். அதுவரை வரவேற்பு மேசையும் கணினியும் என் ராஜ்யம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற இடத்துக்கு என்னைப் போல வேலை கம்மியாகவும் வாய் ஜாஸ்தியாகவும் உள்ளவர்கள் தேவை. அவருடைய பிறந்தநாள் வந்தால் கட்சித் தம்பிகள் "ஏழைகளின் விடிவெள்ளி" என்று கட்டுரையில் சேர்ப்பார்கள். டீ ஆறுவதற்குள் நான் அழித்துவிடுவேன். அங்கே சட்டம் ஒன்றுதான்: உனக்குத் தெரியும் என்பது கணக்கில் வராது, எங்கே அச்சில் வந்திருக்கிறது என்று காட்டு. அந்தச் சட்டம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, என் காலே அதில் மாட்டும்வரை.

ஒரு ஆவணி மாதம் அவருடைய மகள் விடுதிக்கு வந்தார். நான் எழுதுவது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவே வேண்டாம். என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் பெருமையடித்து வைத்திருக்கிறார்.

"அக்கா, அப்பா பத்தி போட்டிருக்கறதுல அந்தக் கைது வரிய மட்டும் எடுத்துடுங்கக்கா."

என்ன ஆயிற்று என்று உட்காரவைத்துக் கேட்டேன். அவர் மகளுக்கு, அதாவது முன்னாள் எம்.எல்.ஏ.வின் பேத்திக்கு, வரன் அமைந்துவிட்டது. இந்தக் காலத்தில் ஜாதகம் பார்ப்பதற்கு முன்பே சம்பந்தி வீட்டாரின் பெயரை ஃபோனில் தட்டிப் பார்க்கிறார்கள். புறம்போக்கு நிலம் பற்றிய ஒரு வழக்கில் பெரியவர் கைதானது கட்டுரையில் இருந்தது, பத்திரிகைச் சான்றோடு. மாப்பிள்ளை வீட்டார் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. "அந்தக் கேஸு என்னாச்சுங்க?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள். அதுவே பெரியவரைச் சுட்டுவிட்டது.

"நிச்சயத்துக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டாருக்கா. 'நான் வந்து உக்காந்தா எல்லாரும் ஃபோனத்தான் பாப்பாங்க, பொண்ண பாக்கமாட்டாங்க'ன்றாரு. அவரு தூக்கி வளத்த பொண்ணுக்கா அது."

"கைதானது நெஜம்மா. அத எடுக்கமாட்டேன்" என்றேன். அவர் முகம் சுருங்கியது. "ஆனா விடுதலை ஆனதும் நெஜம்தானே? அதயும் சேத்துடறேன், போ."

பெரியவர் விடுதலையானது ஊருக்கே தெரியும். வழக்கு வேலூரில் நடந்தது. தீர்ப்பு வந்த நாள் கார்த்திகை தீபம். விடுமுறை எங்கள் மாவட்டத்துக்கு மட்டும்தான், வேலூரில் கோர்ட் வழக்கம்போல நடந்தது. அவர் திரும்பி வந்தபோது போலீஸ் எந்த வண்டியையும் ஊருக்குள் விடவில்லை. எல்லையிலேயே இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்தார். தெருமுனையில் அவருடைய ஆட்கள் பட்டாசு வெடித்தார்கள். தீபத்துக்குத்தான் வெடிக்கிறார்கள் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள். நான் மொட்டைமாடியில் நின்று பார்த்தேன்.

அந்த தைரியத்தில் ஒரு வரி சேர்த்தேன். சாயங்காலத்துக்குள் அதைக் காணோம். "சான்று தேவை" என்று குறிப்பு எழுதி ஒருவர் நீக்கியிருந்தார். அவர் யார் என்று அங்கே எழுதுகிற எல்லோருக்கும் தெரியும். பெரியவருடைய எதிர்க்கட்சித் தலைவர்களின் கட்டுரைகளை எல்லாம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறவர். கட்சிப் புத்தியைக் காட்டுகிறார் என்று எனக்குச் சுருக்கென்றது. கட்டுரைக்குப் பின்னால் எழுதுகிறவர்கள் சண்டை போட்டுக்கொள்ள உரையாடல் பக்கம் என்று ஒன்று உண்டு. அங்கே போய், "இதை ஊரே பார்த்தது" என்று எழுதினேன்.

"ஊரைச் சான்றாகக் காட்ட முடியாது" என்று பதில் வந்தது.

எத்தனை தம்பிகளுக்கு நான் சொன்ன வசனம் அது! கோபத்தில் மேசையை ஒரு தட்டுத் தட்டினேன். சாவி கேட்க வந்த வெளிநாட்டுக்காரர் அப்படியே பின்வாங்கிப் போய்விட்டார்.

மகள் தீர்ப்பின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். அதுவும் செல்லாது. உயிரோடு இருப்பவரைப் பற்றி கோர்ட் காகிதத்தை மட்டும் வைத்து எழுதக்கூடாது, அதைப் பத்திரிகை செய்தியாகப் போட்டிருக்க வேண்டும். எனவே நூலகத்துக்குப் போய் அந்த வாரத்துப் பழைய நாளிதழ்களை எல்லாம் எடுத்துப் புரட்டினேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம். மலை உச்சிச் சுடர், தீபக் கொப்பரை, கிரிவலக் கூட்டம், சிறப்புப் பேருந்துகள், தொலைந்து கிடைத்த பிள்ளைகள் என்று எல்லாம் இருந்தன. பெரியவர் இல்லை. நிச்சயதார்த்தமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"தீபத்தன்று வந்த தீர்ப்பை யார் போடுவார்கள்? அன்றைக்கு எல்லாப் பக்கத்திலும் தீபம்தான்" என்று உரையாடல் பக்கத்தில் எரிச்சலைக் கொட்டினேன்.

என் வரியை நீக்கியவர் கேட்டார்: "எந்த ஊர்ப் பக்கத்தைப் பார்த்தீர்கள்? உங்களுக்குத்தான் எல்லாப் பக்கமும் தீபம். எங்கள் வேலூர்ப் பக்கத்தில் அது ஒரே ஒரு படம். பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன்."

மாவட்டச் செய்திப் பக்கம் ஊருக்கு ஊர் மாறும் என்பது பேப்பர் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் மலையில் தீபம் ஏற்றினால் உலகமே வேலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்க்கிறது என்று நினைப்பது எங்கள் ஊர்க்காரர்களின் ரத்தத்தில் ஊறியது. தீர்ப்பு வந்த ஊரின் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரமே அவர் தம் ஊர் நூலகத்துக்குப் போய்த் தேடி எடுத்துவிட்டார். கைது பற்றிய வரிக்குக் கீழே அவரே எழுதினார்: குற்றம் நிரூபிக்கப்படாததால் நீதிமன்றம் அவரை விடுவித்தது. கூடவே நாளிதழின் பெயர், தேதி, பக்கம். உரையாடல் பக்கத்தில் எனக்கு ஒரு குறிப்பும் இருந்தது: "அவருடைய கட்சி எனக்கு ஆகவே ஆகாது. ஆனால் செய்தி சரி." படித்ததும் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். முகம் பார்த்திராத மனிதரை ஒரு கணம் கும்பிடத் தோன்றியது. உடனே மகளுக்கு ஃபோன் போட்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மண்டபத்தில் நுழைந்ததும் பெரியவர் இருக்கிறாரா என்றுதான் பார்த்தேன். வெள்ளை வேட்டியில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மகள் காதில் ஏதோ சொல்ல, என்னைக் கையசைத்து அழைத்தார்.

"நீதான் எழுதினியாம்மா?"

"நான் எழுதினத அழிச்சிட்டாருங்கய்யா. அழிச்சவரே தேடிக் கண்டுபிடிச்சு எழுதினாரு. வேலூர்க்காரரு, உங்க எதிர்க்கட்சி."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் சும்மா இருக்கலாம், இருக்க முடியவில்லை. "எங்க தெருவுக்குக் கால்வாய் வரலங்கய்யா. அதயும் எழுதத்தான் சான்று தேடிக்கிட்டிருக்கேன்" என்றேன். மகள் என்னை முறைத்தார். பெரியவர் தோள்துண்டு நழுவுகிற அளவுக்குச் சிரித்தார்.

பிறகு மகளிடமிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டு எழுந்தார். எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் அப்பாவிடம் அவரே போய் நீட்டினார்.

"சம்பந்தி, அன்னிக்குக் கேட்டீங்களே. ரெண்டு வரியும் படிங்க. நான் கைதானதும் அப்படியே இருக்குது. அதுக்குக் கீழ எழுதினவரு என் ஆளு கெடயாது. எங்க கட்சிக்கு ஓட்டே போடாத ஆளு."

சொல்லிவிட்டுத் திரும்பி என்னைக் காட்டினார்.

"இந்தம்மாவும்தான்."