மெஷின் பார்க்க வந்தவர்கள்

அமெரிக்காவில் கார் நிறுத்த வீட்டோடு சேர்த்து ஓர் அறை கட்டுகிறார்கள். கராஜ் என்று பெயர். அதில் காரைத் தவிர எல்லாவற்றையும் வைப்பார்கள். கார் பனியில் நனைந்தபடி வாசலில் நிற்கும். ஒஹாயோவுக்கு வந்த புதிதில் இதைப் பார்த்து நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் சிரித்திருக்கிறோம். இரண்டாயிரத்துகளின் நடுவில் ஒரு குளிர்காலத்தில் நானும் என் காரை வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் ஒரு சிஎன்சி ரூட்டரை இறக்கினேன். கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரப்பலகையில் எழுத்தும் பூவும் செதுக்குகிற மெஷின். எனக்குத் தச்சுவேலை தெரியாது, செதுக்கித் தரச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. ஆசை, அவ்வளவுதான்.

மெஷின் பெட்டி பெட்டியாக, துண்டு துண்டாக வந்தது. மேசை ஆடியது. காரிலிருந்து உருகும் பனி வழிந்தோட கராஜ் தரையையே சரிவாகப் போட்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. மேசைக் கால்களுக்கு முட்டுக் கொடுத்து மட்டம் பார்த்தேன். மெஷினை இடப்பக்கம் போ என்றால் வலப்பக்கம் போனது. மோட்டார் ஒயரை மாற்றிக் கொடுத்ததும் சொன்ன பேச்சைக் கேட்டது. எல்லாம் கூடிவந்து, பனியும் விட்டிருந்த ஒரு சனிக்கிழமை, கராஜில் கிடந்த பழைய சாமான்களை வாசலில் பரப்பிவிட்டு, கதவை முழுசாகத் தூக்கி வைத்துக் காத்திருந்தேன். யாராவது வந்து பார்க்க வேண்டுமே! தெருவில் ஈ, காக்கை இல்லை.

தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கு கிரைண்டர் வந்தது. அதை இறக்குவதற்குள் தெருவே வீட்டுக்குள் வந்துவிட்டது. எதிர்வீட்டு பாத்திமாக்கா ஊறவைத்த அரிசியோடு வந்தார்.

“மொத மாவ அப்படியே கொட்டிரணும். கல்லுத்தூளு அதுலயே போயிரும்” என்றார்.

“அம்புட்டையுமா?” என்று அம்மா பதறினார்.

சாயங்காலம் வரை அம்மாவின் கிரைண்டரில் அம்மாவுக்கே முறை வரவில்லை. கூட்டம் என்றாலே ஆகாத நான் எரிச்சலில் மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். இப்போது அந்தக் கூட்டத்தில் ஒருத்தர் வந்தால் போதும் என்றிருந்தது.

வந்தார்கள். ஒரு கார் நின்று, வெள்ளைத்தலை அம்மாள் ஒருவர் இறங்கி வந்தார். புன்னகையோடு, “ஹவ் மச்?” என்றார். ஊரில் எந்தப் புதுச்சாமானைப் பார்த்தாலும் முதல் கேள்வி அதுதானே! மனம் குளிர்ந்துபோய் மெஷினின் விலையைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. கையிலிருந்த எங்கள் பழைய இட்லிப் பானையை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுக் காருக்கு நடந்தார்.

ஸ்டெல்லா சமையலறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். “ஏங்க, இந்த ஊர்ல கராஜைத் தொறந்துபோட்டு சாமானைப் பரப்புனா, விக்கிறாங்கன்னுதான் வருவாங்க. மொதல்ல ஒரு போர்டு வைங்க.”

அப்படித்தான் என் மெஷினின் முதல் வேலை ‘நாட் ஃபார் சேல்’ என்கிற பலகை ஆனது. எழுத்தெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்தது. அதை வாசலில் நட்டேன். அடுத்த சனிக்கிழமை கார்கள் வேகம் குறைத்தன, படித்தன, போய்விட்டன. மெஷின் அழகாக ஓடியது. தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்கும் அடுத்த சனிக்கிழமை திண்டுக்கல்லிலிருந்து அண்ணன் போன் செய்தார்.

“ஏலே, மிசினு வாங்கி இம்புட்டு நாளாச்சு. ஒருத்தரும் வந்து பாக்கலையா? அங்குட்டு மனுச மக்களே இல்லையா?”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பலகையைப் பிடுங்கினேன். வாசலில் இன்னும் பரப்பிக் கிடந்த சாமான்களுக்கு நடுவே, வருகிறவர்கள் உட்கார, கராஜிலிருந்து இரண்டு நாற்காலிகளை எடுத்துப் போட்டேன். தெருமுனையில் ஒரு கார் வேகம் குறைந்தது.

“செத்த நேரம் கழிச்சுப் பேசுறேண்ணே. ஆளுக வாராக!”