சுடாத கை

அது ஒரு தை அமாவாசை. மடப்பள்ளியில் (கோயில் சமையலறை) அடுப்பிலிருந்து இறக்கிய வெண்கல உருளி சரிந்தது. பிடித்திருந்த துணி நழுவிவிட்டது. உள்ளே கொதிக்கக் கொதிக்கச் சர்க்கரைப் பொங்கல். அது தரையில் கொட்டியிருந்தால் அன்றைக்குப் பெருமாள் பட்டினி. நான் வெறுங்கையால் விளிம்பைப் பிடித்து நிமிர்த்தி, நிதானமாகக் கீழே வைத்தேன். கொஞ்சம்கூட வலிக்கவில்லை.

என் நோயின் முதல் அறிகுறி அதுதான். அன்று எல்லோரும் அதை அதிசயம் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். உங்களில் யாருக்காவது உடம்பில் ஓரிடத்தில் வலி தெரியாமல் போயிருந்தால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

அப்போது அறுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் திருவள்ளூர்ப் பெருமாளே ஒரு வைத்தியர். அமாவாசைக்கு அமாவாசை ஜனங்கள் வந்து குளத்தில் வெல்லம் போடுவார்கள். வெல்லம் கரைகிற மாதிரி வியாதியும் கரையும் என்பது நம்பிக்கை. நான் மடப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவன். என் அண்ணா ராகவன் குளக்கரையில் நின்று வருகிறவர்களுக்குச் சங்கல்பம் பண்ணி வைப்பார், தலபுராணம் சொல்வார். கணீரென்ற குரல். கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கிவிடும்.

அன்று சாயங்காலத்துக்குள் என் வலது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அண்ணா என் மணிக்கட்டைப் பிடித்துக் குளத்துப் படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பாருங்கோ! கொப்புளம் இருக்கு, வலி இல்லை. வலியைப் பெருமாள் வாங்கிண்டுட்டார். இதுக்கு மேல என்ன பிரமாணம் வேணும் உங்களுக்கு?"

ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறம் ஒவ்வோர் அமாவாசையும் நான் துணி இல்லாமலேயே உருளியை இறக்கினேன். வெல்லத்தை என் கையால் வாங்கிக் குளத்தில் போட்டால் விசேஷம் என்று வரிசையில் நின்றார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

என் மனைவி வேதவல்லி மட்டும் விடவில்லை. "ஏன்னா, ஊர்ல எல்லாருக்கும் சுடறது. உங்களுக்கு மட்டும் ஏன் சுடலை?"

"உனக்கு நம்பிக்கை போறாது, போடி" என்றேன். இன்றைக்கு நினைத்தாலும் வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. சுண்டுவிரலும் அடுத்த விரலும் மடங்கிப்போய், நிமிர மாட்டேன் என்றன. ஒருநாள் சன்னதியில் தீர்த்தம் வாங்கினேன். குழித்த கையில் நிற்காமல் முழுதும் விரலிடுக்கில் ஒழுகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு வேதா அன்று சாப்பிடவே இல்லை. மறுநாள் மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்கு ரயில் ஏறினோம். அண்ணாவும் துணைக்கு வந்தார்.

டாக்டர் என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "பஞ்சால தொடுவேன், ஊசியால குத்துவேன். தொட்டவுடனே சொல்லுங்க."

காத்திருந்தேன். மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. இன்னும் காத்திருந்தேன்.

"எப்போ டாக்டர் ஆரம்பிக்கப் போறேள்?"

"முடிச்சிட்டேன் சாமி" என்றார்.

கண்ணைத் திறந்தபோது சுண்டுவிரலில் பொட்டுப் பொட்டாக ரத்தம். வேதா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

பிறகு டாக்டர் என் கையைத் தூக்கித் தோளுக்குக் கீழே பின்பக்கம் பார்த்தார். என் கண்ணுக்கு எட்டாத இடம். வெளிறிய படை ஒன்று அங்கே இருந்திருக்கிறது. வேதா அதைத் தேமல் என்று நினைத்திருந்தாள்.

"இது எத்தனை வருஷமா இருக்கு?"

நான் யோசிப்பதற்குள் அண்ணா சொன்னார். "மூணு வருஷம் இருக்கும்."

உருளி சரிந்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

தொழுநோய் என்றார் டாக்டர். கிருமி நரம்பைக் கொன்றுவிடுகிறது. நெருப்பு எப்போதும்போலச் சுடுகிறது, சேதிதான் மூளைக்குப் போவதில்லை. டாப்சோன் (இந்தக் கிருமியை ஒடுக்கும் மாத்திரை) வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும், கட்டாயம் குணமாகும் என்றார். "படை தெரிஞ்சப்பவே வந்திருந்தா விரலைக் காப்பாத்தியிருக்கலாம்" என்றும் சொன்னார். மற்றதெல்லாம் மறந்தாலும் அது மறக்கவில்லை.

திரும்பி வரும்போது ரயிலில் கேட்டேன். "அண்ணா, மூணு வருஷம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

 அண்ணா மெதுவாகச் சொன்னார். "ஆவணி அவிட்டத்தன்னிக்கு நீ எனக்கு முன்னால உக்காந்திருந்தே. படையைப் பார்த்துச் சந்தேகமா இருந்தது. தர்ப்பை நுனியால குத்திப் பார்த்தேன். நீ திரும்பலை."

"அப்போ உருளியைப் பிடிச்சப்போ உனக்குத் தெரியும்."

"வெளில தெரிஞ்சா உன்னைக் கோயிலுக்குள்ள விடுவாளாடா? ஆத்துல எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு. அவாளை யார் கல்யாணம் பண்ணிப்பா? பெருமாளே ஒரு வழி காட்டறார்னு நினைச்சுண்டேன்."

அவர் பாவி இல்லை, பயந்தவர். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் கோபம் தீரவில்லை, இன்றும் தீரவில்லை. இதற்கு மேல் என்ன பிரமாணம் வேண்டும் என்று ஊரைக் கேட்ட மனுஷர், அதற்கு முன்பே தம்பியின் முதுகுக்குப் பின்னால் தர்ப்பையால் சோதனை பண்ணியிருக்கிறார். முடிவு தெரிந்த பிறகும் என்னை உருளி தூக்க விட்டிருக்கிறார்.

பெருமாளிடமும் கோபம்தான். எந்த உயிருக்குள்ளும் இருந்து நடத்துகிறவன் அந்தர்யாமி என்று சின்ன வயசிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறோம். அப்படியானால் என் கையிலும் இருந்தீர்தானே? எனக்குத்தான் தெரியவில்லை, உமக்காவது சுட்டிருக்க வேண்டாமா? இதைத் தினமும் கேட்டேன். நம்பிக்கை போகவில்லை. போயிருந்தால் யாரோடு சண்டை போட்டிருப்பேன்?

ஊரை விட்டோம். நான் காஞ்சிபுரத்துக்குக் கைங்கர்யம் பண்ணப் போய்விட்டதாக அண்ணா எல்லோரிடமும் சொன்னார். இரண்டு மூன்று இடம் மாறி, எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புப் பட்டறை ஸ்டோரில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே முனுசாமி என்று ஒரு ஃபிட்டர். என் வியாதி தெரிந்தும் பக்கத்தில் உட்கார்ந்து நாஷ்டா தின்கிறவன். ஒருநாள் அப்போதுதான் அறுத்த, சூடு ஆறாத கம்பி மேல் கையை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். ஓடிவந்து தட்டிவிட்டான்.

"யோவ் சாமி! கை பொசுங்குது, நீ பாட்டுக்குப் பேசிக்கினு கீறே! இன்னா மன்ஷன்யா நீ!"

நான் உருளியைப் பிடித்த அன்றே அப்படி ஒருத்தர் கத்தியிருக்கக் கூடாதா என்று அன்று அழுதேன். அவன் பயந்துபோய் டீ வாங்கிக் கொடுத்தான்.

மாத்திரை ஒருநாளும் விடவில்லை. விரல்களை எண்ணெயில் ஊறவைத்து நீவினேன். எதைத் தொட்டாலும் முதலில் இடது கையால் தொட்டுச் சூடு பார்க்கப் பழகினேன். காபி டம்ளருக்கு வேதா துணி சுற்றித் தருவாள். விளக்கேற்றும் நேரத்தில் வெளிச்சத்தில் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்போம். காயம் ஏதாவது இருந்தால் அப்போதுதான் எனக்குத் தெரியும். கடைசியில் டாக்டர் கிருமி இல்லை, மாத்திரையை நிறுத்தலாம் என்றார். மடங்கிய விரல் மடங்கியதுதான்.

சேதி கேட்டு அண்ணா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார். இளைத்திருந்தார். உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"தை அமாவாசைக்கு வாடா. குளக்கரையில நின்னு, பெருமாள் தீர்த்து வெச்சார்னு ஒரு வார்த்தை சொல்லு. மறுபடி மடப்பள்ளிக்கே வந்துடலாம். நான் பேசி வெச்சிருக்கேன்."

 அந்தப் புகைக்கும், நெய் வாசனைக்கும், தளிகை சமர்ப்பிக்கும்போது அடிக்கிற மணிக்கும் நான் ஏங்கிய ஏக்கம் எனக்குத்தான் தெரியும். போகத்தான் ஆசை.

"மாத்திரையைப் பத்திச் சொல்லலாமா?"

"மாத்திரையும் அவர் அனுக்ரகம்தானேடா."

"அப்போ டாக்டர் குத்தின ஊசியும் அவர் அனுக்ரகம். உன் தர்ப்பையும்தான். எல்லாத்தையும் சொல்றேன். முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, அப்புறம் வெல்லம் போடுங்கோன்னு சொல்றேன். சரியா?"

"அதெல்லாம் எதுக்கு? ஜனங்க குழம்பிடுவா."

அந்த நேரம் வேதா இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தாள். அண்ணா பக்கத்திலிருந்ததைத் தொட்டார். "ஸ்ஸ்" என்று கையை உதறிக்கொண்டு, துணி சுற்றியிருந்த மற்றதை எடுத்துக்கொண்டார். வேதா அதற்குள் உள்ளே போய்விட்டாள். நான் கோபத்தில் இடது கையால் தொட்டுப் பார்க்க மறந்து, மிச்சமிருந்த டம்ளரை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிடித்தபடியே வர மாட்டேன் என்று சொன்னேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

பதினோரு மணிக்கெல்லாம் கிளம்பிப் போய்விட்டார்.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வேதா என் கையைத் திருப்பினாள். மூன்று விரலில் கொப்புளம். காலையில் பட்ட சூடு விளக்கு வைக்கும் வேளையில்தான் எனக்கு வந்து சேர்ந்தது. அண்ணாவுக்கு அது காலையிலேயே தெரியும்.