உதடு படாத மருந்து

என் மாமனார் இரண்டு வருடமாகத் தன் மருந்தை நாக்கில் விட்டு வீணடித்தது அவருடைய பழக்கத்தாலா, நான் ஒரு காலையில் சொன்ன வார்த்தையாலா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்தால் அவரிடம் எப்படிப் பேசுவது என்றாவது தெரிந்திருக்கும்.

அவர் காக்ஸ் டவுனிலிருந்து பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ்ஸில் முப்பது வருடம் போய் வந்தவர். கிரைண்டிங் வேலை. இரும்புத் தூளும் பீடியும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்துவிட்டன என்றார் டாக்டர். மாமியார் இல்லை. வீட்டில் அவர், நான், கணவர், நான்கு வயது மகள். மகள் பிறக்கும்வரை நான் பள்ளியில் பாடம் எடுத்தேன். அதனால் அவர் எனக்கு வைத்த பெயர் 'டீச்சரம்மா'. அதில் மரியாதை துளியும் கிடையாது.

தண்ணீரை அவர் எப்போதும் தூக்கித்தான் குடிப்பார். சொம்போ பாட்டிலோ பேப்பர் கப்போ, எதுவும் உதட்டில் படாது. எச்சில் என்றால் அவ்வளவு அருவருப்பு.

இன்ஹேலர் எழுதிக் கொடுத்த முதல் வாரம், அப்போது இரண்டு வயதான மகள் அதை மேசையிலிருந்து எடுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். பாய்ந்து பிடுங்கினேன். அவர் கண் முன்னாலேயே சோப்புப் போட்டுக் கழுவினேன். "இத எச்சில் பண்ணி வெளிய வைக்காதீங்க மாமா. அவளுக்கு ஏதாச்சும் ஒட்டிக்கும்" என்றேன். அவருக்கு இருப்பது ஒட்டுகிற நோய் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். அன்றிலிருந்து இன்ஹேலர் அவர் அறை அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விட்டது.

அதன்பிறகு அவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று நான் பார்க்கவில்லை. "கசக்குது" என்று அடிக்கடி சொல்வார். நெஞ்சுக்குள் போக வேண்டிய மருந்து நாக்கில் ஏன் அவ்வளவு கசக்கிறது என்று அப்போதாவது யோசித்திருக்கலாம்.

இந்த மழைக்காலத்தில் அவரை இரண்டாம் முறையாக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டுக்கு அனுப்பும் முன் கன்னடக்கார நர்ஸ் ஒருவர், "தாத்தா, நீங்க எப்படி எடுக்கறீங்க, காட்டுங்க" என்றார்.

அவர் தலையைப் பின்னால் சாய்த்தார். வாயைத் திறந்தார். சொம்பைத் தூக்குவது போல இன்ஹேலரை ஒரு சாண் உயரத்தில் பிடித்து அமுக்கினார். வெள்ளையாகப் பீய்ச்சிய மருந்து நாக்கிலும் மீசையிலும் விழுந்தது. வாயை மூடி விழுங்கினார்.

நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அய்யோ தாத்தா, கொசுவுக்கு அடிக்கறீங்களா? இப்படி யாரு சொல்லிக் குடுத்தது?"

"வூட்டுச் சட்டம்" என்றார் என்னைப் பார்க்காமல். "எச்சில் பண்ணக் கூடாது."

நர்ஸ் என்னைப் பார்த்தார். கணவரும் பார்த்தார். என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "அவர் தண்ணிகூடத் தூக்கித்தான் குடிப்பார் சிஸ்டர். பழக்கம்."

பொய் இல்லை. ஆனால் அந்த உண்மையை வைத்து என்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டேன். மாமனார் அப்போதுதான் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

நர்ஸ் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். முதலில் குலுக்க வேண்டும். மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். குழாயை உதட்டால் இறுக்கி மூடி, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போதே அமுக்க வேண்டும். பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கி, கடைசியில் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். "ஸ்வல்ப நிதானமா, தாத்தா. கொஞ்சம் மெதுவா." நர்ஸ் முன்னால் மாமனார் சரியாகவே செய்தார். தினமும் நான் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றார் நர்ஸ். இப்படியே போனால் வீட்டிலேயே ஆக்சிஜன் வைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர்.

மறுநாள் காலை நின்றேன்.

"மாமா, மூச்ச முழுசா வெளிய விடுங்க."

"முழுசா வுட்டுட்டா உனுக்கு வேலை மிச்சம்."

"உதட்ட இறுக்கி மூடுங்க."

"என் எச்சில் ஒட்டிக்கப் போவுது, தள்ளி நில்லும்மா."

ஒருவழியாக அமுக்கினார். நான் எண்ணினேன். ஐந்திலேயே மூச்சை விட்டார். "எண்ணாத. மயிரிழை அளவுக்கு இரும்ப அளந்தவன் நானு. எனுக்குப் பத்து எண்ணத் தெரியாதா?"

"தெரிஞ்சா ஏன் அஞ்சுல விட்டீங்க?"

வகுப்பறைக் குரல். சொன்ன உடனேயே கேட்டது எனக்கு. அவர் எழுந்தார். "போ டீச்சரம்மா, ஸ்கூலுக்குப் போ." கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து மருந்து நேரத்தில் அந்தக் கதவு எனக்குத் திறப்பதில்லை. கணவரிடம் சொன்னால், "ரெண்டு பேரும் பேஜார் பண்ணாதீங்க. செஞ்சுக்கறேன்னு சொல்றார் இல்ல?" என்று ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்.

போன வாரம் மகள் காலி கோந்து பாட்டிலை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, பாட்டிலை உயரத்தில் பிடித்து, "புஸ்" என்றாள்.

"யாரு இப்படிப் பண்ணுவாங்க?"

"தாத்தா. காலைல. டோர் மூடிட்டு. நான் உள்ள இருந்தேன்."

நேராக அவர் அறைக்குப் போனேன். பாத்ரூமிலிருந்து கட்டில் வரை நடந்ததற்கே அவருக்கு மூச்சு இரைத்தது. கட்டில் விளிம்பைப் பிடித்தபடி தோள் ஏறி இறங்க உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் தூக்கித்தான் அடிக்கறீங்களா மாமா?"

"நீதான சொன்ன."

"அது ரெண்டு வருஷம் முன்னாடி. தப்புதான். மன்னிச்சுக்கங்க."

மூச்சு வாங்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினார். "மன்னிப்ப இங்க கேக்கற. அங்க நர்ஸம்மா முன்னால... இன்னா சொன்ன? பழக்கமாம். பழக்கம்."

வெளியே வந்துவிட்டேன். எனக்குப் பயம் மட்டுமில்லை, கோபமும்தான். என்னைத் தண்டிக்கத் தன் நெஞ்சையே பணயம் வைத்திருக்கிறாரா இந்த மனிதர்? அப்படி நினைத்தது தவறோ என்று அடுத்த நிமிடமே தோன்றியது. அறுபது வருடம் எதையும் உதட்டில் வைக்காதவருக்கு, தனியாக இருக்கும்போது கை தானாகவே மேலே போகிறதோ என்னவோ. என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வரும் திங்கட்கிழமை மறுபடியும் அந்த நர்ஸிடம் போகிறோம். அவர் முன்னால், கணவர் முன்னால், "நான்தான் அப்படிச் சொன்னேன்" என்று சொல்லலாமா? சொன்னால் மாமனார் உதட்டை மூடி இழுப்பாரா, இல்லை ஜெயித்த திருப்தியோடு வீட்டுக்கு வந்து மறுபடியும் தூக்கித்தான் அடிப்பாரா? அல்லது என்னை விட்டுவிட்டு, கூட நின்று பார்க்க வேறு யாரையாவது ஏற்பாடு செய்வதுதான் சரியா? உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்திருந்தால், அவர் யார் சொல்லி, எப்படிச் சொல்லிக் கேட்டார் என்று எழுதுங்கள். முடிந்தால் திங்கட்கிழமைக்கு முன்.