பால் ஊறும் வரை

உலகப்போர் வந்த பிறகு திருகோணமலையில் எல்லாமே சேரத் தொடங்கின. துறைமுகத்தில் நிலக்கரி குவிந்தது. சந்தையில் படைவீரர்கள் பெருகினார்கள். லொறிகள் கிளப்பிய புழுதி எங்கள் வீட்டு அலுமாரியின் மேல் படிந்தது. மனைவி காலையில் துடைத்தால் மாலையில் மறுபடியும் படிந்திருக்கும். நான் துறைமுகக் களஞ்சியமொன்றில் கிளாக்கராக இருந்தேன். நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தால், எது குவிந்தது, எது படிந்தது, எது வெறுமனே கூடியது என்று சொல் பார்த்து எழுதுவேன். ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட எனக்கு மனம் வராது. எங்கள் மனங்களில் பயம் சேர்ந்துகொண்டிருந்ததற்கு மட்டும் சரியான சொல் அகப்படவில்லை.

பிறகு ஒரு காலை விமானங்கள் வந்து குண்டு போட்டன. எங்கள் மகள் பிறந்து ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை. கலியாணமாகி நெடுங்காலம் கழித்துப் பிறந்த முதற்பிள்ளை. ஊர் சட்டிபானையோடு வெளியேறியது. நாங்கள் வள்ளத்தில் அக்கரையிலிருந்த கிண்ணியாவுக்குப் போனோம். எங்கள் வீட்டுக்கு விறகு கொண்டுவந்து போடும் முஸ்லிம் வியாபாரியின் வீடு அங்கே இருந்தது. அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்போம்; அக்கா முறையில் அவர் மனைவியை ராத்தா என்போம். ராத்தாவுக்குப் பல் முளைக்கத் தொடங்கிய ஒரு மகன்.

அந்த வள்ளத்தில் ஏறியதிலிருந்து என் மனைவிக்குப் பால் நின்றுவிட்டது. மார்பில் வைத்தால் பிள்ளை இரண்டு தரம் சப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். அழுவதற்குக்கூட அதற்குத் தெம்பில்லை. பால்சுறாவை அவித்து உதிர்த்து உள்ளியோடு வறுத்துக் கொடுத்தால் பால் வரும் என்பது எங்கள் கரையோர வழக்கம். காக்கா கரை முழுக்கத் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

"தோணி இறக்க விடுறாங்களில்ல, கிளாக்கரையா. குண்டுச் சத்தத்தில சுறாவும் இடம்பெயர்ந்திட்டு."

வீட்டின் ஒரு பக்கத்தைச் சாக்குத் திரை போட்டு எங்களுக்குத் தந்திருந்தார்கள். அன்று நான் திரைக்கு வெளியே முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். உள்ளே ராத்தாவின் குரல் கேட்டது.

"கிளாக்கருக்குப் பொறந்த புள்ளதான். காம்பைப் பேனா புடிக்கிற மாதிரியெல்லோ புடிக்கிறா. இப்பிடிப் புடிச்சா எப்பிடி வரும்?"

"எனக்கு ஒண்டும் இல்ல ராத்தா. வத்திப்போச்சு."

"வத்தல்ல. பயந்து ஒளிச்சிருக்கு. மகளை என்னட்டத் தாங்க. என்ட பேயனை நீங்க புடிங்க. இவன் இழுத்தா கல்லுலயும் வரும்."

 பிறகு மனைவி என்னைக் கூப்பிட்டாள். "இஞ்சருங்க, கேட்டீங்களே? என்ன செய்யிறது?"

"ராத்தா சொல்லுறபடி செய்யும்" என்றேன்.

முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்த காக்கா சிரித்தார். "ஒரு பால் குடிச்சா இனி ரெண்டும் கூடப்பொறந்ததுகள், கிளாக்கரையா. எங்கட மார்க்கத்தில அப்பிடித்தான். நாளைக்குச் சம்பந்தம் பேச ஏலாது."

"சம்பந்தம் என்னத்துக்கு?" என்றாள் உள்ளிருந்த ராத்தா. "காக்காக்காரன் தங்கச்சிக்குச் சீர் கொண்டு போவான்."

அன்று முதல் பிள்ளைகள் மாறிக் குடித்தார்கள். எங்கள் மகள் ராத்தாவிடம் குடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னம் வைத்தாள். அந்த மகனோ என் மனைவியிடம் இழுத்துப் பார்ப்பான், ஒன்றும் கிடைக்காத கோபத்தில் கடிப்பான், கத்துவான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் அவனை எடுப்பாள். பால் வரவில்லை. ஒரு நாள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "பிள்ளை ராத்தாட மணத்துக்குத்தான் தலையைத் திருப்புது. என்னை அதுக்குத் தெரியேல்ல." பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்ற நிம்மதியில் இருந்த எனக்கு, அவள் எதை இழந்துகொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்த வீட்டுக் கிணறு மணற்கிணறு. வெயில் காலம். இடம்பெயர்ந்த குடும்பங்களும் அதில்தான் அள்ளின. இரண்டு வாளி அள்ளியதும் அடிமணல் தெரியும். பெண்கள் குடத்தை வைத்துவிட்டு, "ஊறட்டும்" என்று கதைத்துக்கொண்டிருப்பார்கள். என் முறைக்காகக் காத்திருந்து நானும் எட்டிப் பார்ப்பேன். தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒன்றும் நடப்பதாகவும் தோன்றாது. பெய்வது தேங்கும், கொட்டுவது குவியும்; இதற்கு அந்த இரண்டு சொல்லும் ஆகாது. ஊறட்டும் என்று அந்தப் பெண்கள் சொன்னதில் அவசரமும் இல்லை, சந்தேகமும் இல்லை. நான் அதை என் மனைவியிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவளுக்கு அப்போது சொற்கள் தேவைப்படவில்லை.

நகரத்துக்குச் சனம் ஒவ்வொரு குடும்பமாகத் திரும்பியது. என்னையும் வேலைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. ராத்தா இல்லாமல் பிள்ளையைக் கொண்டுபோக ஏலாது. மனைவியையும் மகளையும் விட்டுவிட்டுத் தனியே புறப்பட்டேன்.

புறப்பட்ட காலையில் மனைவி எனக்கு இடியப்பப் பொட்டலம் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பை வைத்திருந்தாள். ராத்தாவின் மகன் கோழியின் பின்னால் தவழ்ந்து போய், படியில் உருண்டு விழுந்து, ஊரே கேட்கக் கத்தினான். மனைவி பொட்டலத்தை நீட்டியபடியே நின்றுவிட்டாள்.

"இஞ்சருங்க" என்றாள்.  அவளுடைய சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈரம் பரவியது.

பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு, ராத்தாவின் தோளிலிருந்த எங்கள் மகளை வாங்கிக்கொண்டு திரைக்குள் ஓடினாள். ராத்தா இரண்டு கையையும் மேலே ஏந்தி ஏதோ முணுமுணுத்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

துறையிலிருந்து வள்ளக்காரன் கூப்பிட்டான். "கிளாக்கரையா, வாறீங்களா இல்லையா?"

"நீ போ" என்று எனக்காகக் காக்கா பதில் சொன்னார். "ஐயா அடுத்ததில வருவார்."

அதுவரை நான் வேலைக்குப் பிந்திப் போனவன் அல்ல. பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கம்போலத் திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். பிள்ளை விழுங்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. ராத்தாவின் மகன் அழுகையை நிறுத்தி, சாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான்.

"பொறடா" என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து. "உனக்கும் இருக்கு."